சிறுநீரகக் கல்: வலி வந்தபோதும் வலி நின்ற பிறகும் செய்ய வேண்டியவை

விலா எலும்பு முடியும் இடத்தில் முதுகுப் பக்கமாகப் பிடித்து, வயிற்றின் ஓரமாக இறங்கி, அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் போய் நிற்கும் வலி எப்படிப்பட்டது என்பதைச் சிறுநீரகக் கல்லால் ஒருமுறை அவதிப்பட்டவருக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வலிக்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்டு வலி அடங்கியதும் ஸ்கேன் அறிக்கையைப் பீரோவில் வைத்துவிட்டு, நான்கு நாள் வாழைத்தண்டுச் சாறு குடித்து, அத்துடன் விஷயத்தை மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே மிகவும் அதிகம். வலி நின்றதாலேயே கல் வெளியேறிவிட்டது என்று கொள்ள முடியாது. கல் வெளியேறிவிட்டாலும் அதை உண்டாக்கிய காரணம் உடம்பில் அப்படியேதான் இருக்கும். முதல் கல்லுக்குப் பிறகு எந்தத் தடுப்பு முறையையும் பின்பற்றாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் இன்னொரு கல் வந்துவிடுகிறது. ஆகவே வலி நேரத்தில் செய்ய வேண்டியவற்றுடன், ஸ்கேன் அறிக்கையைப் புரிந்துகொள்வது, வெளிவரும் கல்லைப் பிடித்து வைப்பது, சிகிச்சையின்போது உள்ளே ஸ்டென்ட் என்ற குழாய் வைத்திருந்தால் கவனிக்க வேண்டியது, அன்றாடம் எவ்வளவு சிறுநீர் கழிகிறது என்று அளப்பது ஆகியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கல் எதனால் ஆனது

சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், பாஸ்பேட், யூரிக் அமிலம் எனப் பல பொருள்கள் எப்போதும் கரைந்தே இருக்கின்றன. உடம்பில் தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியாகும்போது, உப்பளத்துப் பாத்தியில் நீர் வற்றியதும் உப்பு பூப்பதைப் போல, இவை கரைந்திருக்க முடியாமல் படிகங்களாகப் பிரிகின்றன. இப்படிப் படிகம் சேராமல் தடுக்கும் பொருள்களும் சிறுநீரில் உண்டு. அவற்றுள் முக்கியமானது சிட்ரேட். படிகமாகும் பொருள் கூடினாலும், தடுக்கும் பொருள் குறைந்தாலும், தண்ணீர் குறைந்தாலும் கல் உருவாகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றும் கலந்தே நடக்கின்றன.

சிறுநீரகக் கற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு கால்சியம் கற்கள். அவற்றிலும் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு யூரிக் அமிலக் கற்கள் இருக்கின்றன. சர்க்கரை நோயும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு, சிறுநீரின் அமிலத்தன்மை கூடுதலாக இருப்பதால், இவ்வகை அதிகம் வருகிறது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் சில வகைக் கிருமிகளால் உருவாகும் ஸ்ட்ரூவைட் கற்கள் சிறுநீரகத்தின் உட்புறம் முழுவதையும் மான்கொம்பு போலக் கிளைவிட்டு நிரப்பிவிடக் கூடியவை. பரம்பரைக் குறைபாட்டால் வரும் சிஸ்டின் கற்கள் அரிது. இந்த வகைப் பிரிவு வெறும் ஏட்டறிவு அன்று. யூரிக் அமிலக் கல்லை மாத்திரையால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. "கல்லைக் கரைக்கும் மருந்து" என்று எவரேனும் பொதுப்படையாகச் சொன்னால், எந்தக் கல்லை என்று கேட்க வேண்டும்.

வலி வந்தவுடன்

கல் சிறுநீரகத்துக்குள் அசையாமல் இருக்கும்வரை பெரும்பாலும் வலி இராது. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் சில மில்லிமீட்டர் மட்டுமே உள்விட்டமும் உடையது. அதில் கல் இறங்கிச் சிக்கும்போது, பின்னால் தேங்கும் சிறுநீரின் அழுத்தத்தாலும் குழாய் இறுகிப் பிழிவதாலும் வலி அலையலையாக எழுகிறது. குடல்வால் அழற்சி முற்றி வயிற்று உறை பாதிக்கப்பட்டவர் அசையாமல் படுத்திருப்பார். கல்வலி உள்ளவரோ படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புரண்டுகொண்டும் நடந்துகொண்டும் இருப்பார். குமட்டல், வாந்தி, அடிக்கடி சிறுநீர் முட்டுதல், சிறுநீரில் இரத்தம் ஆகியவையும் சேர்ந்து வரலாம். கல் சிறுநீர்ப்பையை நெருங்கும்போது ஆண்களுக்கு விதைப்பையிலும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் ஓரத்திலும் வலி தெரியும்.

கீழ்க்கண்ட நிலைகளில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலியுடன் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். சில மணி நேரத்திலேயே தொற்று இரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தாகும். வெறும் ஆன்டிபயாட்டிக் ஊசியால் இது தீராது. உள்ளே குழாய் வைத்தோ முதுகு வழியாகத் துளையிட்டோ தேங்கிய சிறுநீரை வடித்தாக வேண்டும். சிறுநீர் அறவே நின்றுபோனாலும், ஒரே ஒரு சிறுநீரகத்துடன் வாழ்பவராக இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், வாந்தியால் மாத்திரைகூடத் தங்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 60 வயதைக் கடந்தவருக்கு, அதிலும் புகைபிடிப்பவருக்கும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும், வாழ்நாளில் முதன்முறையாக இத்தகைய வலி வந்தால் அது வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிவதாகவும் இருக்கலாம். வெறும் கல்வலி என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

வலியைத் தணிக்க மருத்துவர்கள் முதலில் நாடுவது டைக்குளோபினாக் போன்ற வீக்கம் தணிக்கும் மருந்துகளையே. அவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாத மருந்தும் அதுவே. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்த அளவு தெரியாத நிலையில் நாள்கணக்காக அதைத் தொடர்வது சிறுநீரகத்துக்கே தீங்கு செய்யும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது மூன்று நான்கு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்வதும், "இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் கல் வெளியே வந்துவிடும்" என்று நம்புவதும் நம் ஊர்களில் வழக்கமாக இருக்கின்றன. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் மேலும் நீரைச் சேர்ப்பதால் கல் விரைவாக இறங்கும் என்பதற்குச் சான்று இல்லை, வலிதான் கூடக்கூடும். வாந்தியால் உடம்பில் நீர் வற்றியவருக்கு டிரிப்ஸ் தேவை. மற்றவர்கள் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். தண்ணீருக்கு உரிய பெரிய வேலை வலி தீர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஸ்கேன் அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் பார்க்க வேண்டியவை கல்லின் அளவு, அது இருக்கும் இடம், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பன. "கால்குலஸ்" என்றால் கல். "கான்கிரீஷன்" என்று 2 அல்லது 3 மி.மீ. அளவில் எழுதியிருப்பவற்றைக் கண்டு பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வயிற்று அல்ட்ராசவுண்டில் இவ்வளவு சிறியவற்றை உறுதியாகச் சொல்வது கடினம். கல்லே இல்லாத இடத்திலும் அப்படி ஒரு புள்ளி தோன்றலாம். உள்ள கல்லை அல்ட்ராசவுண்ட் சற்றுப் பெரிதாகவும் காட்டுவதுண்டு. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, வலியும் அடைப்பும் தராத சிறு புள்ளிக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தேவையில்லை.

"ஹைட்ரோநெஃப்ரோசிஸ்" என்பது சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருப்பதைக் குறிக்கும். லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று அருகிலேயே எழுதியிருப்பார்கள். "பி.யு.ஜே." என்றால் சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடம், "வி.யு.ஜே." என்றால் அது சிறுநீர்ப்பையில் சேரும் இடம். கல் கீழே இருக்கும் அளவுக்கு அது தானாக வெளியேறும் வாய்ப்பும் கூடும். ஆகவே 5 மி.மீ. கல் வி.யு.ஜே.-யில் இருக்கிறது என்பது ஒருவகையில் நல்ல செய்தி.

எங்கே கல் இருக்கிறது என்று ஐயமறத் தெரிய வேண்டுமானால் மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் மிகத் துல்லியமானது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் அதில் தெரியும். கதிர்வீச்சு உள்ளதால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டையே எடுக்கிறார்கள். சி.டி. அறிக்கையில் "எச்.யு." என்ற எண் இருந்தால் அது கல்லின் அடர்த்தி, 1000-ஐத் தாண்டினால் கல் கடினமானது, கல்லை உடைக்க வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைக்கு எளிதில் உடையாது. ஸ்கேனுடன் சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின், கால்சியம், யூரிக் அமிலம் ஆகியவற்றையும் பார்ப்பது முறை.

பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்தைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அது சிறுநீர் வழியாக வெளியேற வழியே இல்லை. அறிக்கையில் "கால்பிளாடர்" என்று இருந்தால் இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

காத்திருக்கும் நாட்களும் கல்லைப் பிடிப்பதும்

5 மி.மீ.-க்கு உட்பட்ட கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே வெளியேறிவிடுகின்றன. 5 முதல் 10 மி.மீ. வரையுள்ளவற்றில் பாதியளவு வெளியேறலாம். குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சற்றே பெரிய கல்லுக்கு டாம்சுலோசின் என்ற மாத்திரையை மருத்துவர்கள் சில வாரங்களுக்குத் தருவார்கள். அது குழாயின் தசையைத் தளர்த்துகிறது. சிறிய கற்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்று 2015-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே அது எல்லோருக்கும் எழுதப்படும் மருந்தாக இருக்க வேண்டியதில்லை. தலைசுற்றல் வரலாம் என்பதால் இரவில் சாப்பிட்டு, எழும்போது மெதுவாக எழுவது நல்லது.

காத்திருப்பதற்கு எல்லை உண்டு. நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் கல் வெளியேறாவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். வலி இல்லாமலேயே குழாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும் கல், ஓசைப்படாமல் ஒரு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். அப்படி இழந்த செயல்பாடு திரும்பக் கிடைப்பதில்லை. வலி போய்விட்டது என்று மறுஸ்கேனைத் தவிர்ப்பதில் உள்ள ஆபத்து இதுவே. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், கல் வெளியேறியதைக் கண்ணால் பார்க்கவில்லையானால் நான்கு வாரத்துக்குள் மறுஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்பதையே சொல்வேன்.

கண்ணால் பார்ப்பதற்கு வழி எளிது. டீ வடிகட்டும் நுண்ணிய வலைச் சல்லடை ஒன்றைக் கழிப்பறையில் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் குவளையில் சிறுநீர் கழித்து, அதைச் சல்லடையில் ஊற்ற வேண்டும். வெளிவரும் கல் பெரும்பாலும் கடுகளவோ மிளகின் பாதியளவோதான் இருக்கும். பழுப்பு நிறத்தில், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். "இவ்வளவு சிறியதா இவ்வளவு வலித்தது" என்று வியந்து தூக்கி எறிந்துவிடாமல், தண்ணீரில் அலசி, காகிதத்தில் உலரவைத்து, மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு வைக்க வேண்டும். எந்தத் திரவமும் ஊற்ற வேண்டாம். சிறுநீரகவியல் மருத்துவர் வழியாகக் "கல் பகுப்பாய்வு" செய்யக் கொடுத்தால், எந்த வகைக் கல் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு உணவிலும் மருந்திலும் செய்யும் மாற்றங்கள் ஊகமாக இருக்காது. அறுவை சிகிச்சையில் எடுத்த கல்லையும் கேட்டு வாங்கிப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்வது நோயாளியின் உரிமை.

எடுக்க வேண்டி வந்தால்

உடலைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் முறை 1980-இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. 2 செ.மீ.-க்கு உட்பட்ட, மிகக் கடினமல்லாத கற்களுக்கு இன்றும் அது நல்ல தேர்வு. உடைந்த துகள்கள் சிறுநீரில்தான் வர வேண்டும் என்பதால் சில நாள் வலியும் சிறிது இரத்தமும் இருக்கும். சிலருக்கு மறுமுறையும் தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதைச் செய்யக் கூடாது. சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் பொடியாக்கும் முறையில் வெட்டுக்காயமே இல்லை. சிறுநீர்க்குழாயில் சிக்கிய கற்களுக்கு இப்போது பரவலாகச் செய்யப்படுவது இதுவே. 2 செ.மீ.-க்கு மேற்பட்ட பெரிய கற்களுக்கும் மான்கொம்புக் கற்களுக்கும் முதுகில் சிறு துளையிட்டு எடுக்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை இன்று அரிதாகிவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிகிச்சைகளுக்குப் பின் பலருக்கு "டி.ஜே. ஸ்டென்ட்" என்ற மெல்லிய குழாயைச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வைத்து அனுப்புவார்கள். இரு முனைகளும் சுருண்டிருக்கும் இந்தக் குழாய், வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்க உதவுகிறது. அது இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், கழிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று இழுப்பதும், நடந்தால் சிறுநீர் சிவப்பாவதும் இயல்பு. அதில் அஞ்சத்தக்கது வேறு. வெளியே தெரியாததால் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள், மீதிப் பணத்துக்கு அஞ்சித் திரும்பி வராதவர்கள், உள்ளே குழாய் இருக்கிறது என்று சொல்லப்பட்டதையே புரிந்துகொள்ளாதவர்கள் என்று இவர்களில் பல வகை. மூன்று மாதங்களைத் தாண்டினால் குழாயின்மீதே கல் படியத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அதை எடுக்கவே பல அறுவைகள் தேவைப்படும், சிறுநீரகமும் போகலாம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் என்ற சொல் இருக்கிறதா, எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரிலும் குடும்பத்தில் இன்னொருவரின் கைபேசியிலும் குறித்து வைக்க வேண்டும். எடுப்பது சில நிமிட வேலைதான்.

குடிக்கும் தண்ணீரை விடக் கழியும் சிறுநீரை அளப்பது மேல்

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்காத கல் நோயாளி இல்லை. அதைச் சரியாக நிறைவேற்றியவர்கள் குறைவு. எவ்வளவு என்பது தெளிவாகச் சொல்லப்படாததே காரணம். இலக்கு, நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும் என்பதே. குளிரூட்டிய அறையில் வேலை செய்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் இது கிடைத்துவிடலாம்; கத்திரி வெயிலில் கொத்து வேலை செய்பவரும், வளைகுடா நாடுகளில் கட்டுமானத் தளங்களில் நிற்பவரும் நான்கு லிட்டர் குடித்தாலும் பெரும்பகுதி வியர்வையாகப் போய், ஒரு லிட்டர் சிறுநீர்கூடக் கழியாமல் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அளவைச் சொல்வதில் பொருளில்லை. இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டும் வந்தது. மருந்து எதுவும் இல்லாமல் தண்ணீரால் மட்டும் கிடைத்த வேறுபாடு அது.

விடுமுறை நாள் ஒன்றில் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அரை லிட்டர் வரை அளவுக்கோடுகள் உள்ள பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கணக்கில் சேர்க்காமல் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கழிக்கும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி, மறுநாள் காலை அதே நேரத்தில் கழிக்கும் முதல் சிறுநீரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். 1,400 மி.லி. வந்தது என்று வைத்துக்கொண்டால், அன்றாடம் குடிப்பதில் ஏறத்தாழ ஒரு லிட்டரைக் கூட்டி, அடுத்த வாரம் மீண்டும் அளக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் அளந்தால் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற கணக்கு கைக்கு வந்துவிடும். அதன்பின் நிறத்தைப் பார்த்தே கூடுதல் குறைவு தெரியும். வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி.

காலையில் ஒரேயடியாகக் குடித்துவிட்டு மாலைவரை மறந்துவிடுவதைவிட, எழுந்ததும், ஒவ்வொரு வேளை உணவோடும், இடைப்பட்ட நேரங்களிலும், படுக்கும் முன்னரும் என்று பிரித்துக் குடிப்பது மேல். இரவில்தான் சிறுநீர் மிகவும் அடர்த்தியாகிறது. எனவே நடுவில் ஒருமுறை எழுந்தால் சிறுநீர் கழித்துவிட்டு அரைக் குவளை குடித்துவிட்டுப் படுக்கலாம். இதய பலவீனமோ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இந்த அளவுகளைத் தாமாகப் பின்பற்றாமல் மருத்துவர் குறிக்கும் அளவையே கொள்ள வேண்டும்.

வேலையிடத்தில் நல்ல கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள், பேருந்து ஓட்டுநர்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோருக்கு இந்த அறிவுரை எளிதன்று என்பதை நான் உணர்ந்தே எழுதுகிறேன். அவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் கூடுதலாகக் குடித்து, நாள் முழுமைக்குமான சிறுநீர் அளவை எட்ட முயல வேண்டும். அவர்களுக்குக் கழிப்பறை அமைத்துத் தர வேண்டியவர்களின் கடமை அதனால் குறைந்துவிடாது.

எந்தத் தண்ணீர் என்ற கேள்வியும் எழும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் கல் வருகிறது என்ற அச்சம் பரவலானது. கடின நீரின் பங்கு, அப்படி ஏதும் இருந்தால், மிகச் சிறியது. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதே அதைவிடப் பெரிய கேடு. பிடித்த தண்ணீரைப் போதிய அளவு குடிக்க வேண்டும். இளநீர், உப்பு குறைந்த நீர்மோர், சர்க்கரையும் உப்பும் சேர்க்காத எலுமிச்சைச் சாறு எல்லாம் கணக்கில் சேரும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் தனிப் பயனும் தரும். சர்க்கரை மிகுந்த கோலா பானங்களைத் தவிர்க்க வேண்டும்.

உணவில் எதைக் குறைப்பது

கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். இது நேர்மாறான பலனைத் தரும். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வருகிறது. 2002-இல் வெளியான இன்னொரு இத்தாலிய ஆய்வில், சிறுநீரில் கால்சியம் மிகுந்து மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்கும், கால்சியத்தை வழக்கமான அளவில் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கும் மறுபடி கல் வந்தது. நாள்தோறும் 1,000 மி.கி. அளவில் உணவு வழியாகக் கால்சியம் வேண்டும். கால்சியம் மாத்திரை சாப்பிட நேர்ந்தால் உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

உண்மையில் குறைக்க வேண்டியது உப்பு. உப்பில் உள்ள சோடியம் சிறுநீரில் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறுகரண்டி, மொத்த உப்பின் எல்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட்டில் வரும் நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. சமையலில் ஒரு சிட்டிகை குறைப்பதை விட இவற்றை நிறுத்துவதில்தான் பலன் தெரியும். ஆட்டிறைச்சி, ஈரல், சுவரொட்டி, நெத்திலி போன்றவை யூரிக் அமிலத்தைக் கூட்டிச் சிட்ரேட்டைக் குறைக்கின்றன. அறவே விட வேண்டியதில்லை, அளவோடு போதும். பருப்பு வகைகளுக்கு இந்தத் தடை இல்லை.

ஆக்சலேட்டுக்கு அஞ்சி எல்லாக் காய்களையும் விலக்கும் பட்டியல்கள் பல சுற்றுகின்றன. அவ்வளவும் தேவையில்லை. ஆக்சலேட் மிகுந்தவை பாலக் கீரை, பருப்புக் கீரை, தண்டுக் கீரை வகைகள், பீட்ரூட், பாதாம், முந்திரி, எள், சாக்லேட் ஆகியன. கீரையை நிறைய நீரில் வேகவைத்து நீரை இறுத்துவிட்டு, அதே வேளை உணவில் தயிரோ மோரோ சேர்த்துக்கொண்டால் அதன் தீங்கு பெருமளவு குறையும். வெறும் வயிற்றில் பச்சைக் கீரைச் சாற்றைக் குவளை குவளையாகக் குடிக்கும் புதிய பழக்கம்தான் கவலைக்குரியது. கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று நம்பிக் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தக்காளி விதை உள்ளே போய்க் கல்லாகிறது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான், ரசத்தை நிறுத்த வேண்டாம். நாள்தோறும் 1,000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை விழுங்குவதை, ஏற்கெனவே கல் வந்தவர்கள் நிறுத்திவிட வேண்டும்.

வாழைத்தண்டு, முள்ளங்கிச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில், ரணகள்ளி பற்றிக் கேட்காதவர் இல்லை. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுவதில் நன்மையே உண்டு. ஆனால் சிறிய கல் எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலும் வெளியேறக் கூடியது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த வாரத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்கே போய்ச் சேர்கிறது. 15 மி.மீ. கல்லையும் கடுமையான வீக்கத்தையும் வைத்துக்கொண்டு மூலிகைச் சாற்றை நம்பி மாதங்களைக் கழிப்பவரைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவம் நாடுவோர் பதிவு பெற்ற மருத்துவரிடம் சென்று, கூடவே ஸ்கேனையும் குறித்த காலத்தில் எடுத்துப் பார்க்கலாம். உள்ளடக்கம் எழுதப்படாத பொட்டலப் பொடிகளையும், வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சிக் கல்லை எடுத்துக் காட்டுவதாகச் சொல்பவர்களையும் விலக்க வேண்டும். பீர் குடித்தால் கல் கரையும் என்பதும் பொய். சற்று நேரம் சிறுநீரைக் கூட்டிவிட்டு, பிறகு உடம்பின் நீரை வற்றச் செய்வதுடன் யூரிக் அமிலத்தையும் அது ஏற்றுகிறது.

யூரிக் அமிலக் கல் என்று பகுப்பாய்வில் தெரிந்தவருக்குப் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துக் கல்லைக் கரைக்கவும் புதிதாக வராமல் தடுக்கவும் செய்கிறது. சிறுநீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-ஐ ஒட்டி இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் வீட்டிலேயே பார்க்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

பிறகு பார்க்க வேண்டியவை

கல் நீங்கியவர் ஆறு மாதத்தில் ஒருமுறையும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது போதுமானது. பழைய அறிக்கைகளையும் கல் பகுப்பாய்வுத் தாளையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், இருப்பது பழைய கல்லா புதிய கல்லா என்று மருத்துவரால் உடனே சொல்ல முடியும். இரண்டாம் முறை கல் வந்தவர்கள், இரு சிறுநீரகங்களிலும் கல் உள்ளவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், குடல் அறுவையோ உடல் எடை குறைப்பு அறுவையோ செய்துகொண்டவர்கள் ஆகியோர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம் ஆகியவற்றின் அளவைப் பார்க்கும்படி கேட்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் சற்றே கூடுதலாக இருந்தாலும் பி.டி.எச். என்ற ஹார்மோனை அளக்க வேண்டும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் சிறு கட்டி ஒன்றே திரும்பத் திரும்ப வரும் கற்களுக்குக் காரணமாக இருந்து, அதை நீக்கியதும் கல் வருவது நின்றுவிடுவதுண்டு. குழந்தைகளின் விஷயத்தில் இரண்டாம் கல்லுக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் கல்லுக்கே இந்தப் பரிசோதனைகள் அனைத்தையும் செய்து, பரம்பரைக் காரணம் உண்டா என்று குழந்தைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.